"ஒரு குழந்தையும் சாகவில்லை!"

அமெரிக்காவில் நியூடவுன் என்று ஒரு சிற்றூர். 2012-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி காலை, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஒரு வாலிபன் துப்பாக்கியுடன் புகுந்தான். 20 குழந்தைகளும், பள்ளியில் வேலை பார்த்த 6 பெண்களும் பிணமானார்கள். குழந்தைகளுக்கு வயது ஆறு, ஏழுதான்!

கண்ணீர் காயுமுன் கட்சிச் சண்டை மூண்டது. துப்பாக்கி வாங்குவோரைக் கூடுதலாக விசாரிக்கும் யோசனை, 2013 ஏப்ரலில் செனட் சபையில் ஓட்டுக்கு வந்தது. தேவை 60 ஓட்டு, கிடைத்தது 54. யோசனை தோற்றது.

ரேடியோ பேச்சாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் ஒருபடி மேலே போனார். "யாரும் சாகவில்லை. துப்பாக்கியைப் பறிக்கச் சர்க்கார் போட்ட நாடகம்" என்று பரப்பினார். அதை நம்பியவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரையே மிரட்டினார்கள்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2022-ல் டெக்சாஸ் கோர்ட்டில், "நடந்தது உண்மைதான்" என்று ஜோன்சே ஒப்புக்கொண்டார். கனெக்டிகட் ஜூரிகள் 96½ கோடி டாலர் நஷ்டஈடு விதித்தார்கள்.

பணம் வரலாம். போன பிள்ளை வருமா?