ரேஷனில் சோளம் கேட்ட பெண்கள்

குகட்பள்ளி வழியாக மும்பைக்கு ஒரு பெரிய சாலை போகிறது. அதில் சுமார் 100 கிலோமீட்டர் போனால் ஜகீராபாத் வரும். மழையை நம்பிய பூமி அது.

அங்கே ஏழைப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஒரே நிலத்தில் சோளம், தினை, துவரை எல்லாம் விதைத்தார்கள். ஒன்று காய்ந்தாலும் இன்னொன்று சோறு போடும். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் போட்டுக் காப்பாற்றினார்கள்.

ஆனால் ரேஷனில் அரிசிதான் மலிவு. பிறகு சோளத்தை யார் விதைப்பார்கள்? "சோளமும் கம்பும் ரேஷனில் வேண்டும்" என்று அரசிடம் கேட்டார்கள். வேறு மாநிலத்தாரும் சேர்ந்து கேட்டார்கள்.

2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இவையும் இடம்பெற்றன. கிலோ 1 ரூபாய் என்று விலையும் எழுதினார்கள்.

இன்றும் பல கடைகளுக்கு இவை வருவதில்லை. கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. எதை அனுப்புவது என்று முடிவு செய்வது அரசு. மனு அங்கேதான் போக வேண்டும்.