கடிகாரமே இல்லாத கூடம்!

"அக்கா, நீ ஊருக்குப் போகும்போது இந்த நாலு வளையலையும் எடுத்துக்கிட்டுப் போயிடு. இங்கே வச்சிருக்க எனக்குப் பயமா இருக்கு."

பிறந்து பதினெட்டே நாளான குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் தங்கை இப்படிச் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிங்கப்பூரில் திருட்டுப் பயமே கிடையாது என்றல்லவா ஊரில் பேசிக்கொள்கிறார்கள்! "பதினோராவது மாடிக்கு எந்தத் திருடன்டி வரப்போறான்?" என்று கேலியாகக் கேட்டேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

2017-ல் அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். அவள் கணவர் கப்பல் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். இருவரும் அங்கே நிரந்தரவாசிகள். மாப்பிள்ளைக்கு சிகரெட் கிடையாது, குடி கிடையாது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகத் தவறமாட்டார். எங்கள் சொந்தத்தில் அவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். குடித்துவிட்டு வருகிறவரை வாசற்படியிலேயே வாடை காட்டிக் கொடுத்துவிடும். சூதாடிவிட்டு வருகிறவரோ சட்டை கசங்காமல் வந்து, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பார். என் தங்கைக்கு விஷயம் தெரிய இரண்டு வருஷம் பிடித்தது.

ஆரம்பம் என்னவோ நல்ல சகுனமாகத்தான் இருந்திருக்கிறது. தீபாவளி சமயத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் காசினோவுக்கு அழைத்துப் போக, முதல் நாளே ஆயிரத்து எண்ணூறு டாலர் ஜெயித்திருக்கிறார். அந்தப் பணத்தில் மூன்று பவுனில் தங்கைக்கு ஒரு சங்கிலி! "நான்தான்க்கா அதைப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று விசும்பினாள். அந்தச் சங்கிலிதான் முதலில் அடகுக்கடைக்குப் போனதாம்.

அந்த நாட்டில் காசினோ வேண்டுமா, வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்து, 2005-ல் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், வேலை கிடைக்கும் என்பது கணக்கு. 2010-ல் இரண்டு காசினோக்கள் திறந்தன. சொந்த ஜனங்கள் பாழாகிவிடக் கூடாதே என்று, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு நூறு டாலர் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2019-ல் அது நூற்றைம்பது ஆயிற்று. வெளிநாட்டுக்காரர்களுக்கோ பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், இலவசம்!

நூறு டாலர் என்றால் ஆள் பயந்து திரும்பிவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளைக்கோ அதுவே கொக்கியாகிவிட்டது. "நூறு கட்டியாச்சு, அதையாவது எடுத்துட்டுக் கிளம்புவோம்" என்று விடிய விடிய உட்கார்ந்துவிடுவாராம். வீட்டில் சொல்வது ஓவர்டைம்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? எனக்குப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மாள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் உள்ளே வந்தால் நூறு டாலர் தண்டம் என்பதால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "பத்தே நிமிஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் நுழைந்தேன்.

கல்யாண மண்டபம் பத்தைச் சேர்த்தாற்போல ஒரு கூடம். காலுக்கடியில் மெத்தென்ற கம்பளம், உடம்பெல்லாம் ஜில்லென்ற ஏ.சி. காபி, டீ, மைலோ எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், காசில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு கடிகாரம் கண்ணில் படவில்லை. ஜன்னலும் இல்லை. வெளியே பகலா இரவா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பணத்தை வாங்கிக்கொண்டு கலர் கலராகப் பிளாஸ்டிக் வில்லைகள் கொடுக்கிறார்கள். ஐம்பது டாலர் நோட்டைத் தூக்கிப் போட நம் கை வருமா? வில்லை என்றால் சொப்பு விளையாட்டு மாதிரி அள்ளி வைத்துவிடுகிறது.

மெஷின்களின் முன்னால் என் அம்மா வயதுப் பெண்களே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காவது பணம் விழுந்தால் மணியும் பாட்டுமாக அமர்க்களப்படுகிறது. தோற்றவருக்கு ஒரு சத்தமும் இல்லை. அதனால் அங்கே நிற்பவருக்கு நாலா பக்கமும் ஜெயிக்கிற சத்தம் மட்டும்தான் காதில் விழும்.

சரி, மறைப்பானேன், நானும் ஐந்து டாலர் போட்டேன். பன்னிரண்டு வந்தது! உள்ளங்கை குறுகுறுத்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்வேன்! மறுபடி போட்டேன். ஒரே மாதிரி இரண்டு படம் வந்து நின்று, மூன்றாவது மயிரிழையில் நழுவிப் போயிற்று. 'அடடா, கொஞ்சத்தில் தப்பிவிட்டதே' என்றுதான் மனசு சொல்லிற்றே தவிர, 'தோற்றுவிட்டாய்' என்று சொல்லவில்லை. வெளியே வந்தபோது அந்த அம்மாள், "எங்கே போனீங்க? ஒன்றேகால் மணி நேரம் ஆச்சு!" என்று சத்தம் போட்டார். மிக்ஸி ஜார் வாங்க வைத்திருந்த இருபது டாலர் போய்விட்டிருந்தது. இது என் கணவருக்கு இதுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

காலேஜில் படிக்கும் என் மகள் பிறகு ஒரு விஷயம் சொன்னாள். ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் புறாக்களை வைத்துச் சோதித்தாராம். கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா பசிக்குக் கொத்திவிட்டு நிறுத்திவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி வைத்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்குமாம். எனக்கு அந்த மெஷின் முன்னால் இருந்த பெண்களும், அவர்களோடு உட்கார்ந்திருந்த நானும் ஞாபகத்துக்கு வந்தோம்.

"அதிர்ஷ்டம் இருந்தால் ஜெயிக்கலாமே" என்பவர்களுக்கு நம் மளிகைக் கணக்குப் போல ஒன்று சொல்கிறேன். நான் பார்த்த ரூலெட் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை மொத்தம் 37 எண்கள். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு டாலர் வைத்தால் 37 டாலர் செலவு. ஏதோ ஒன்று நிச்சயம் விழும். கையில் வருவது 36. ஒரு டாலர் அவர்கள் பெட்டிக்கு! இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் தடவைக்குப் பத்து டாலர் வைத்து மணிக்கு நாற்பது தடவை ஆடினால் நானூறு டாலர் மேஜையில் புரள்கிறது. அதில் கிட்டத்தட்ட பதினொன்று சராசரியாகக் கழிந்துவிடும். ஒரு ராத்திரி யாராவது ஜெயிக்கலாம். வருஷம் முழுக்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்க வழியில்லை.

மாப்பிள்ளையின் கடன் அப்போது முப்பதாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. இதில் எல்லோரும் செய்கிற ஒரு தவறை அவர் அம்மாவும் செய்திருந்தார். மகன் போனில் அழுதான் என்று, ஊரில் நகையை அடகு வைத்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு லட்சம் அனுப்பினார். கடன்காரருக்குப் போனது பாதி. மீதிப் பாதியை, 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று மறுவாரமே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

சூதாட்டப் பிரச்சினைக்கென்றே அங்கே 2005-லிருந்து ஒரு தேசிய மன்றம் இருக்கிறது. மனைவியோ, பெற்றோரோ, பிள்ளைகளோ, உடன்பிறந்தவர்களோ மனுக் கொடுத்தால், இரு தரப்பையும் விசாரித்து, அந்த ஆள் காசினோவுக்குள் நுழையக் கூடாது என்று குடும்பத் தடை உத்தரவு போடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாள்தான் இதைச் சொன்னார். தங்கை ஒரு வாரம் யோசித்தாள். "புருஷன் மேலே புகார் கொடுத்தவன்னு பேர் வருமேக்கா!" என்றாள். "உன் வளையலை அவர்கிட்டேயிருந்து ஒளிக்கிறியே, அது மட்டும் நல்லா இருக்கா?" என்று கேட்டேன். கைக்குழந்தையோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நான் விமானம் ஏறுகிற வரைக்கும் மாப்பிள்ளை எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை மட்டும் சாப்பிட்டார்.

நம்ம ஊரில் காசினோ ஏது என்று நினைக்கிறீர்களா? கோவாவில் மாண்டவி ஆற்றிலே கப்பல் கப்பலாக நிற்கிறது. அங்கேயும் 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் உள்ளே ஆடக் கூடாது, வெளியூர்க்காரர்கள் ஆடலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் ரம்மி செல்போன் வழியாகப் படுக்கையறைக்கே வந்துவிட்டிருந்தது. சம்பளத் தேதி தள்ளிப் போவது, போனைக் கவிழ்த்து வைப்பது, உறவுக்காரர்களிடம் சின்னச் சின்னக் கைமாற்று, இவற்றைத்தான் என் தங்கை இரண்டு வருஷமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இதை மனநோய்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனமே பட்டியலில் வைத்திருக்கிறது. 14416 என்ற அரசாங்க மனநல எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடன் அடைந்து முடிய நாலு வருஷம் ஆயிற்று. சம்பளம் இப்போது தங்கை கைக்கு வருகிறது. உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மாப்பிள்ளை கேட்கவில்லை. போன பொங்கலுக்கு நால்வரும் ஊருக்கு வந்திருந்தார்கள். பீரோவிலிருந்து வளையல்களை எடுத்துத் தங்கையின் முன் வைத்தேன். கையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள். கூடத்தில் மாப்பிள்ளை குழந்தைக்குக் கரும்பு சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டைக் கழற்றி என்னிடமே நீட்டினாள்.

"ரெண்டு போதும்க்கா. இது ரெண்டும் இன்னும் கொஞ்ச நாள் உங்கிட்டயே இருக்கட்டும்."