ஐப்பசியில் ஒரு ஏற்காடு 'ஆட்டம்'!

இங்கிலீஷ்காரர்கள் செப்டம்பர் தாண்டியதும் 'ஆட்டம்' வந்துவிட்டது என்பார்கள். இலையுதிர் காலமாம். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் மாறுமாம். கோட்டு மாட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாய் நடப்பார்களாம். நம்ம ஊரில் ஆட்டம் என்றால் சீட்டாட்டம், மயிலாட்டம், மாசக் கடைசியில் மானேஜர் ஆடும் சாமியாட்டம். அவ்வளவுதான். இலை விழுவது கல்யாணப் பந்தியில் மட்டும்!

ஆனால் நமக்கும் ஒரு 'ஆட்டம்' சீசன் உண்டு சார். ஐப்பசி, கார்த்திகை. அந்தக் காலத்துத் தமிழர்கள் அதற்குக் 'கூதிர்' என்று தனியாகப் பெயரே வைத்திருந்தார்கள். குளிரும் மழையும் கைகோத்து வருகிற பருவம். அந்த இரண்டு மாசமும் சென்னைவாசிக்கு ஒரே வேலைதான். முழங்கால் தண்ணீரில் பைக்கைத் தள்ளுவது! அதே மழை ஏற்காட்டில் பெய்தால் அருவி. தண்ணீர் ஒன்றுதான், அட்ரஸ்தான் வேறு.

எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் மே மாதம் ஒரு கோஷ்டி ஏற்காடு கிளம்பும். கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஊரே அப்போது அங்கேதான் இருக்கும். ஏரியில் போட்டுக்கு க்யூ, ஹோட்டலில் தோசைக்கு க்யூ, க்யூவில் நிற்க ஒரு க்யூ. இதையெல்லாம் தாண்டி ஒரு வருஷம் கிளியூர் அருவிக்குப் போய் நின்றார்கள். எதிரே கறுப்பாக ஒரு பாறை.

"அருவி எங்கேண்ணே?"

"இதான் தம்பி."

"தண்ணி?"

"ஐப்பசியில வாங்க!"

அந்த உள்ளூர்க்காரர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே ஆதாரம்.

அருவிக்கும் ஒரு டயம்டேபிள்

கிளியூர் அருவி சுமார் 300 அடி உயரம். அதற்குச் சொந்தமாகப் பெரிய ஆறு எதுவும் கிடையாது. ஏற்காட்டின் நடுவில் இருக்கும் பெரிய ஏரி நிரம்பி வழிகிற உபரி நீரும், வழியில் வந்து சேரும் ஓடைத் தண்ணீரும்தான் கிளியூர் பள்ளத்தாக்கில் போய் விழுகின்றன. நம்ம சம்பளக் கணக்கு மாதிரிதான். செலவு போக மிச்சம் இருந்தால்தான் அருவி!

குற்றாலக் கணக்கை இங்கே போடக்கூடாது. அது தென்மேற்குப் பருவமழையின் பிள்ளை. ஆனி, ஆடியில் அங்கே சாரல் களைகட்டும். ஏற்காட்டுக்கு அந்த மழையிலும் கொஞ்சம் பங்கு உண்டு என்றாலும், வடகிழக்குப் பருவமழை வந்து ஏரியை நிரப்பினால்தான் அருவிக்கு முழு உயிர். அந்த மழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் ஆரம்பிக்கும். முதல் மழையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். முதலில் மண் குடிக்கும், அப்புறம் ஏரி குடிக்கும், மிச்சம்தான் நமக்கு.

கொட்டுகிற மழையில் போவதும் வேண்டாம். 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு பெய்த மழையில், ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. ஆகவே சரியான முகூர்த்தம் இது: ஏரி வழிகிறது, மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது, வானிலை அலுவலகம் புதிதாகப் புயல் எதற்கும் பெயர் வைக்கவில்லை. தங்கப்போகிற இடத்துக்கு ஒரு போன் போட்டு, "ஏரி வழியுதா? ரோடு திறந்திருக்கா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். "டி.வி. இருக்கா?" என்பதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்குப் பிறகு வரும் வார நாட்கள் உத்தமம். ஊர் உலகமெல்லாம் பட்சணத்தாலும் கடனாலும் வீட்டிலேயே படுத்திருக்கும்.

ஏற்காடு போகாத எக்ஸ்பிரஸ்

சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு ராத்திரி ரயில் ஈரோடு வரை போகிறது. பெயரை நம்பி ஏற்காடு ஸ்டேஷன் வந்ததும் இறங்கலாம் என்று தூங்கினால், நேராக ஈரோட்டில் மஞ்சள் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஏற்காட்டில் ரயில் நிலையமே கிடையாது. விடிவதற்கு முன்பே வரும் சேலத்தில் அலாரம் வைத்து எழுந்து இறங்கவேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர்.

அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். சேலத்தில் எட்டு இட்லியும் ஒரு வடையும் முடித்துவிட்டுப் பின் ஸீட்டில் உட்காருபவர்கள் அந்த போர்டுகளை எண்ணும் நிலையில் இருக்கமாட்டார்கள். இரண்டு இட்லி, முன் பக்கத்து ஸீட், பையில் ஒரு எலுமிச்சம்பழம். மலை ஏறும் கலை இவ்வளவுதான்.

பைக்கில் போகிறவர்களுக்கு மட்டும் சிரிக்காமல் நாலு வார்த்தை. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்காதீர்கள். பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏறிவருகிற வண்டிக்கு வழிவிடுங்கள். பனிமூட்டத்தில் ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பிவரும். இருபதாவது வளைவில் செல்ஃபி எடுத்தவனுக்குப் பத்தொன்பதாவது வளைவில் யாரும் மாலை போடப்போவதில்லை.

லீவ் கணக்கு

கேஷுவல் லீவ் இரண்டே நாள் போதும். செவ்வாய் ராத்திரி ரயில். புதன், வியாழன் மலை. வியாழன் ராத்திரி திரும்ப ரயில், வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ். "இதென்ன, சனி ஞாயிறை விட்டுட்டே?" என்பீர்கள். அதுதான் சூட்சுமம். சனி ஞாயிறில் ரூம் வாடகையும் ஏறும், கூட்டமும் ஏறும். அதைவிட முக்கியம், வெள்ளி ஒரு நாள் ஒப்பேற்றிவிட்டால் முழங்கால் வலி தீர்வதற்கு சனியும் ஞாயிறும் முழுசாகக் கையில் இருக்கும்.

'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டுக்குப் பட்டப்பெயர் உண்டு. நிஜ ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. வண்டிகள் அந்த அளவுக்கு மலையை நெரிக்கின்றன என்று அர்த்தம். ஏற்காடு அந்த உத்தரவில் சேரவில்லை. சேரும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது போகிற நம் கையிலும் இருக்கிறது. ஆளுக்கொரு கார் எடுக்காமல் பஸ்ஸில் போனாலே பாதிப் புண்ணியம்.

ஏழு பாயிண்ட்டா, ரெண்டு பாயிண்ட்டா?

எங்கள் அக்கவுண்ட்ஸ் நண்பர் ஒருவர் ஏற்காட்டை ஆடிட் பண்ணுவார். கையில் லிஸ்ட். லேடீஸ் ஸீட் – டிக். ஜென்ட்ஸ் ஸீட் – டிக். சில்ட்ரன்ஸ் ஸீட் – டிக். (டவுன் பஸ்ஸில்கூட இவ்வளவு ஸீட் கிடைக்காது!) பகோடா பாயிண்ட், கரடிக் குகை, சேர்வராயன் கோயில், அண்ணா பூங்கா... மத்தியானம் மூணு மணிக்கு எல்லாம் டிக். எதைப் பார்த்தார் என்று கேட்டால் லிஸ்ட்டைத்தான் பார்த்துச் சொல்வார்.

நிதானமாகப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு: ஒரு நாளைக்கு இரண்டே இடம்.

முதல் நாள் காலை தாவரவியல் தோட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1960களில் அமைத்த ஆர்க்கிட் தோட்டம் இது. பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடி இங்கே உண்டு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கும். பூச்சி தானாக வந்து விழும். ஆபீஸில் இதே டெக்னிக்கில் பிரமோஷன் வாங்கியவர்களை நினைத்துக்கொண்டே ரசிக்கலாம்.

சாயங்காலம் லேடீஸ் ஸீட். பகலில் மூட்டம் இல்லாவிட்டால் மேட்டூர் அணை வரை தெரியும். இருட்டின பிறகு சேலம் நகரமே கீழே கொட்டிவைத்த ஜிகினா மாதிரி மின்னும். கையில் சூடாக மிளகாய் பஜ்ஜி. வேறென்ன வேண்டும்?

இரண்டாம் நாள் காலை அருவி. சாயங்காலம் பஸ் பிடிக்கும் வரை சேர்வராயன் மலை. உச்சி சுமார் 5,300 அடி. குகைக்குள் சேர்வராயன், கூடவே காவேரி அம்மன். இந்த மலைத்தொடருக்கே சாமி பெயர்தான். மே மாதம் நடக்கும் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் இங்கே திரண்டுவிடும்.

அந்தக் கிராமத்து மக்களை 'மலையாளி' என்பார்கள். எங்கள் கோஷ்டியில் ஒருவர், மூன்று மோகன்லால் படம் பார்த்த தைரியத்தில், ஒரு பெரியவரிடம் "சேட்டா, சுகந்தன்னே?" என்று ஆரம்பித்தார். பெரியவர் நிதானமாக, "என்ன தம்பி, தமிழ் தெரியாதா?" என்றார். மலையை ஆள்பவர் மலையாளி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் வந்து மலை மலையாகக் குடியேறினார்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. நாம் இரண்டு நாள் விருந்தாளி, அவர்கள் வீட்டுக்காரர்கள். போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை.

மழை வேண்டும், மழை வேண்டாம்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு எந்தப் பக்கம் நடந்தாலும் சில்வர் ஓக் மரங்கள், அதன்மேல் தொற்றி ஏறும் மிளகுக் கொடி, கீழே நிழலில் காப்பி. ஒரே இடத்தில் மூன்று மாடி!

ஐப்பசிக் கடைசியில் பச்சைக் காய்களுக்கு நடுவே சிவப்புப் பழங்கள் தலைகாட்டும். தோட்டக்காரர் ஒருவர் ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார். தோல் இனிக்கிறது, உள்ளே வழவழவென்று இரண்டு கொட்டை. "நல்ல சீசன்ல வந்திருக்கோம், நாளைக்கும் மழை பெய்தா அருவி ஜோரா இருக்கும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. பழுக்கிற நேரத்துல விடாம மழை அடிச்சா பழம் வெடிச்சுக் கொட்டிடும். பறிக்க ஆளும் வராது, பறிச்சதைக் காயவைக்க வெயிலும் வராது. ஒரு வருஷப் பாடு."

அதே மேகம்தான். நமக்கு அருவி, அவருக்கு நஷ்டம். அன்றிலிருந்து ஏற்காட்டு மழையைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

அருவியில் இறங்கும் முன்

ஏரியிலிருந்து அருவி சுமார் 3 கிலோமீட்டர். கடைசிப் பகுதி நடந்துதான் இறங்கவேண்டும், நல்ல சரிவு. இறங்கும்போது எல்லாரும் ஜோக் சொல்வார்கள். ஏறும்போது ஒருத்தரும் பேசமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்யாமல் திரும்பும் வழிக்கு வைத்திருங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

மழைக்காலப் பாறையில் பாசி படிந்திருக்கும். அதன்மேல் கால் வைப்பதும், மானேஜர் முகம் பார்க்காமல் லீவ் கேட்பதும் ஒன்று. வழுக்கிவிட்டால் பிடிக்க எதுவும் இருக்காது. மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடித்தாலும் தண்ணீர் திடீரென்று ஏறும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமானால், குப்பையும் சருகும் மிதந்துவந்தால், உடனே கரையேறுங்கள். "இன்னும் ஒரு போட்டோ" என்பவனையும் இழுத்துக்கொண்டு ஏறுங்கள். அருவியை மூடியிருந்தால் காவலரிடம் வாதாடவேண்டாம். அவர் தடுப்பது உங்களை இல்லை, உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஒரு போனை.

'பாட்டில்' கோஷ்டிக்கு ஒரு வேண்டுகோள். அங்கே உடைத்த கண்ணாடி அருவியோடு போய்விடாது. பாறை இடுக்கில் தங்கி, அடுத்து வரும் குழந்தையின் காலுக்குக் காத்திருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். அருவியின் தண்ணீர் ஏரித் தண்ணீர்தான். ஊரின் கழிவுகள் ஏரியில் கலப்பதாகப் பல வருஷமாகப் புகார் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனாலும் போட்டில் போகும்போது கப் ஒன்று கை தவறி விழத்தான் செய்கிறது. புதன்கிழமை நீங்கள் ஏரியில் போட்ட கப், வியாழக்கிழமை அருவியில் உங்கள் தலையிலேயே விழுந்தால் யாரைத் திட்டுவது?

கடைசியாக...

ஸ்வெட்டர், குடை, டார்ச், மாற்று உடை இரண்டு. சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் கேட்டு வாங்கும் பழக்கமில்லாதவை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை இரண்டு நாளைக்கு ஊமையாக்கிவிடுங்கள். இறங்கி வந்ததும் சேலத்தில் ஒரு தட்டுவடை செட். அது சாப்பிடாமல் ரயில் ஏறினால் சேலம்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

லீவ் லெட்டரில் என்ன காரணம் எழுதுவது என்று குழம்பவேண்டாம். பாட்டியை மூன்றாவது முறையாகச் சாகடிக்கவும் வேண்டாம். 'சொந்த வேலை' என்று எழுதுங்கள். பொய்யில்லை சார். வருஷத்தில் இரண்டு நாள் சும்மா இருப்பதும் நம் சொந்த வேலைதான். அதை நமக்காக வேறு யாரும் செய்ய முடியாது!