டாஸ் விளையாட்டுகளில் ஒலி வராதபோது

டாஸ் காலத்துக் கணினி விளையாட்டில் ஒலி வரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள். விண்டோஸில் ஒலியை அட்டைக்குக் கொண்டு சேர்ப்பது டிரைவரின் வேலை. டாஸில் அந்த இடைத்தரகர் கிடையாது. விளையாட்டே ஒலி அட்டையை நேரடியாக இயக்கியாக வேண்டும். அதற்கு அட்டையின் போர்ட் முகவரி, ஐஆர்க்யூ எண், டிஎம்ஏ எண் ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டரில் இவை வழக்கமாக முறையே 220, 5 அல்லது 7, 1 என்று இருக்கும்.

போர்ட் தவறினால் அட்டையே இல்லை என்று விளையாட்டு சொல்லிவிடும். மற்ற இரண்டும் தவறும்போதுதான் சிக்கல். நினைவகத்தில் உள்ள ஒலித் தரவு டிஎம்ஏ வழியாக அட்டைக்குப் போகிறது. ஒரு தவணை ஒலித்து முடிந்ததும், அடுத்ததைக் கேட்டு ஐஆர்க்யூ வழியாக அட்டை குரல் கொடுக்கும். அந்த எண் பிசகினால் குரல் யாருக்கும் எட்டாது. அரை நொடிச் சத்தமே திரும்பத் திரும்பக் கேட்கும். அல்லது முதல் துப்பாக்கி வெடியோடு விளையாட்டு உறைந்துவிடும். டிஎம்ஏ தவறினால் நிசப்தம், இல்லையேல் வெறும் இரைச்சல். ஐஆர்க்யூ 7 என்ற எண் முதல் பிரிண்டர் போர்ட்டுக்கும் உரியது என்பதால், அன்று மோதல்கள் சகஜம்.

பழுதைக் கண்டுபிடிக்க நல்ல தடயம் ஒன்று உண்டு. அட்டையில் பின்னணி இசையை உருவாக்கும் யமஹா எஃப்எம் சில்லுக்கு ஐஆர்க்யூவும் வேண்டாம், டிஎம்ஏயும் வேண்டாம். இசை கேட்கிறது, வெடிச் சத்தம் மட்டும் இல்லை என்றால் ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இரு எண்களையே திருத்த வேண்டும். விளையாட்டின் கோப்புறையில் 'செட்டப்' போன்ற பெயரில் இருக்கும் நிரலில் இதைச் செய்யலாம்.

இன்று இவ்விளையாட்டுகளைப் பலரும், பழைய டாஸ் கணினியைப் போலச் செயல்படும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில்தான் ஓட்டுகிறார்கள். அது இயல்பாகவே 220, 7, 1 என்ற எண்களோடு வருகிறது; செட்டப்பிலும் அவற்றையே கொடுத்தால் போதும். ஒலி கரகரத்தால் எண்களில் பிழை இல்லை, கணினி வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். டாஸ்பாக்ஸ் அமைப்புகளில் 'சைக்கிள்ஸ்' என்ற வேக அளவைக் குறைத்தோ, மிக்சரின் 'ப்ரீபஃபர்' என்ற முன்சேமிப்பு அளவைக் கூட்டியோ பார்க்கலாம்.

எந்த அமைப்பை மாற்றினாலும் தீராத குறையும் ஒன்று இருக்கிறது. 1996-இல் வந்த குவேக் போன்றவற்றின் இசை, குறுந்தகட்டில் தனி ஆடியோ தடங்களாகப் பதிந்திருந்தது. கோப்புகளை மட்டும் வன்தட்டில் நகலெடுத்தவருக்கு அந்த இசை வராது. தகடோ, ஆடியோ தடங்களோடு எடுத்த அதன் முழுப் பிரதியோ கையில் இருக்க வேண்டும்.