கேட் மூடுவதற்குள் போய்ச் சேருங்கள்

விடுமுறை வண்டி – 6

மே, ஜூன் மாதங்களில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பல வீட்டுப் பெரியவர்கள் அமெரிக்காவில் இருப்பார்கள். அங்கே பிள்ளையோ பெண்ணோ ஒரு வாரம் லீவு போட்டு, ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து, அம்மா அப்பாவை யெல்லோஸ்டோனுக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ கூட்டிப் போய்விடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே உண்டு. ஊர் திரும்பிய மாமிகள் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும்போது வெந்நீர் ஊற்றைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுகிறார்கள். ஓடும் வீட்டில் குக்கர் வைத்ததையும், நடுராத்திரி பாத்ரூமுக்குக் கீழே இறங்க வேண்டியிராததையும்தான் அதிகம் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு கேள்வி வரும்: “இதே மாதிரி நம்ம முதுமலைக்குப் போக முடியாதா?”

போகலாம். ஆனால் பாதிதான்.

வண்டி காட்டின் வாசல் வரை போகும். காட்டுக்குள் வண்டியை நிறுத்திப் படுத்துத் தூங்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழையவும் தங்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். அமெரிக்கப் பூங்காக்களில் வண்டியை நிறுத்த எண் போட்ட இடம், மின் இணைப்பு, குடிநீர், கழிவை இறக்க ஒரு குழாய் என்று பலவற்றுக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆறு மாதம் முன்பே இடம் பிடித்துவிடுகிறார்கள். நம் காடுகளில் புலியும் யானையும் இருக்கின்றன, சாலையும் அவற்றுடையதுதான். 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையே அறிவித்தது. நல்ல முயற்சிதான், ஆனால் அதுவும் வண்டி நிறுத்தும் இடங்களைக் காட்டுக்கு வெளியேதான் தேடுகிறது. சென்னையிலும் கேரவன்களுக்குக் குறைவில்லை. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் போனால் வரிசையாக நிற்கும். அவற்றின் வேலை படப்பிடிப்பு.

ஆகவே நமக்கு வாய்த்தது டெம்போ டிராவலர். பாட்டி தாத்தா, இரண்டு குடும்பம், குழந்தைகள் என்றால் அதை விட்டால் வேறு வழியில்லை. 12 சீட் வண்டி என்று சொன்னால் 9 பேருக்கு மேல் ஏற்றாதீர்கள்; கடைசி வரிசை பெட்டிகளுக்கும் தூங்கிப்போகும் குழந்தைக்கும் வேண்டும். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று யாராவது ஓன் போர்டு வண்டியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். டி போர்டு வண்டியே எடுங்கள். பேசும்போதே நாள் வாடகை, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல், கர்நாடக எல்லை தாண்டப் பெர்மிட் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அப்புறம் யாரும் கேட்காத ஒன்று: நீங்கள் தங்கும் இடத்தில் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா? வண்டியிலேயே கொசுக்கடியில் கிடந்தவர் மறுநாள் மலைப்பாதையில் உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்.

நம் வீடுகளில் பயணத் திட்டம் என்றால் கிலோமீட்டர் கணக்கில் ஆரம்பிப்போம். காட்டுக்குப் போகும்போது கடிகாரத்தில் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் பின்னாலிருந்து. பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 2009-இல் ஆரம்பித்த தடை இது. வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகள்தான் காரணம். கேரளத்து வியாபாரிகள் எத்தனையோ முறை முட்டிப் பார்த்தும் தடை விலகவில்லை. முதுமலைப் பக்கமும் இதே இரவுக் கட்டுப்பாடுதான். 9 மணி என்றால் நீங்கள் 9 மணிக்கு வாசலில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. இருட்டிய பிறகு யானை நிற்கும் வளைவில் குழந்தைகளோடு போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மாலை 5 மணிக்குள் உள்ளே போய்விடுகிற மாதிரி திட்டமிடுங்கள்.

சென்னையிலிருந்து முதுமலை தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, மைசூரு, குண்டல்பேட்டை, பந்திப்பூர் என்று ஒன்று. ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இன்னொன்று சேலம், மேட்டுப்பாளையம், உதகை, கூடலூர். முதல் வழிக்குத்தான் என் ஓட்டு. பெரும்பாலும் சமதரைச் சாலை. வாந்தி வருகிற குழந்தைகளுக்கும் முழங்கால் வலிக்கிற பாட்டிகளுக்கும் அதுதான் உத்தமம். வழி நெடுக அடையாறு ஆனந்த பவன் இருக்கிறது. அடையாறிலிருந்தே கிளம்பியவர்கள் அங்கே இறங்கிக் காப்பி குடிப்பதில் என்ன சந்தோஷமோ, ஆனாலும் கழிப்பறை சுத்தமாக இருக்கும். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பி, முதல் நாள் மைசூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு ஏறினால் ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் போடும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இரவு முழுக்க ஓட்டிய டிரைவர் விடியும் நேரத்தில் கண் அசருவார்.

மறுநாள் விடியலில் மைசூரைவிட்டுக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் பந்திப்பூர் வந்துவிடும். 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. டிக்கெட் எடுக்காமலே சாலையோரத்தில் புள்ளிமான் கூட்டம் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டெருது. வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, குரங்குக்குப் புளியோதரை போடவே கூடாது. கன்னடம் தெரியாது என்று சொன்னாலும் அபராதம் அபராதம்தான்.

உதகையையும் பார்த்துவிடலாம் என்று இரண்டாவது வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உதகையிலிருந்து கல்லட்டி, மசினகுடி வழியாகத் தெப்பக்காட்டுக்கு 36 கிலோமீட்டர். கூடலூர் சுற்றிப் போனால் 67. கைபேசி வரைபடம் உங்களைக் கல்லட்டிக்குத்தான் தள்ளும். அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கம் செங்குத்து. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்த வழியே இறங்க விடுவதில்லை. கூடலூர் வழியே போங்கள்; கூடுதல் 31 கிலோமீட்டர் பெரிய விஷயமில்லை.

எந்த வழியில் போனாலும் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் வந்தது இது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள்: வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. வண்டி எண் தெரிந்தால்தான் பாஸ் எடுக்க முடியும். “காலையில எந்த வண்டி ஃப்ரீயோ அதை அனுப்பறோம் சார்” என்கிற டிராவல்ஸ்காரரிடம் முதல் நாளே எண்ணை வாங்கிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி மயிலாப்பூருக்கு நான் சொல்லித் தரப்போவதில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் நாளுக்கு, புளிக்காய்ச்சல் இரண்டாம் நாளுக்கு. தயிர்சாதம் என்றால் பாலில் பிசைந்து ஒரு கரண்டி மோர் விட்டது. மத்தியானத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். பாத்திரத்தில்தான் விஷயம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்தி. சோதனைச் சாவடியில் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள், கேஸ் கேஸாக வாங்கி அடுக்கிய தண்ணீர் பாட்டில்கள் அங்கேயே இறங்கிவிடும். பாண்டி பஜார் ரத்னா ஸ்டோர்ஸில் குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் டிரம் ஒன்றும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை ரங்கநாதன் தெருவில் வாங்கலாம்; உதகை வரை போய் வாங்க வேண்டாம்.

தங்குமிடம்தான் இந்தத் திட்டத்திலேயே சிக்கலான பகுதி. மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பகுதி யானை வழித்தடம். அங்கே முளைத்த விடுதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்புச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்தது. நடுவில் 2018-இல் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். இணையத்தில் அழகான படம் போட்டிருக்கிறது என்பதற்காக முன்பணம் அனுப்பாதீர்கள். வனத்துறையின் ஓய்வில்லங்கள் தெப்பக்காடு, அபயாரண்யம், மசினகுடி ஆகிய இடங்களில் இருக்கின்றன. டி.வி. கிடையாது, ஏ.சி. கிடையாது, ராத்திரியில் கதவைத் திறந்து வெளியே வரக் கூடாது. குழந்தைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? “நைட் சஃபாரி போலாமா?” என்று காதோடு கேட்கும் ஜீப்காரர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். அது சட்டவிரோதம்.

காட்டுக்குள் போவது வனத்துறை வண்டியில்தான். உங்கள் டெம்போ டிராவலர் வரவேற்பு மையத்தில் நிற்கும். புலி தெரியும் என்று குழந்தைகளிடம் சத்தியம் செய்யாதீர்கள். நிச்சயமாகப் பார்க்கக் கூடியது யானைதான், அதுவும் தெப்பக்காடு முகாமில், காலையும் மாலையும் தீனி வேளையில். ராகிக் களி, வேகவைத்த கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு எல்லாவற்றையும் பிசைந்து, செங்கல் அளவுக்குத் தட்டி வைத்திருப்பார்கள். யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறக்கும். பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் உருண்டையைக் கையாலேயே உள்ளே தள்ளுவார்கள். ஒவ்வொரு யானைக்கும் கணக்கு வேறு, பலகையில் எழுதியிருக்கும். 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தின் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டிகளை வளர்த்தது இங்கேதான். அவர்கள் இருக்கிறார்களா என்று தேடி அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பது நாகரிகமில்லை.

போவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பாருங்கள். அடையாற்றில் இருப்பவர்களுக்குத் தேசியப் பூங்கா பக்கத்து வீடு: கிண்டி, 2.7 சதுர கிலோமீட்டர், ஒரு காலத்தில் ஆளுநர்களின் வேட்டைக்காடு. முதுமலை சரணாலயம் 321. கிண்டி சிறுவர் பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிப் போய், வெளிமானைப் பார்த்ததும் கத்தாமல் நிற்கவும், பைனாகுலரைத் திருப்பிப் பிடிக்காமல் பார்க்கவும் பழக்குங்கள். அங்கே அரை மணி பேசாமல் நிற்க முடியாத குழந்தை முதுமலை வண்டியில் மற்றவர்கள் பார்க்க வேண்டிய மானையும் விரட்டிவிடும்.

எப்போது போவது? மே மாதம் வேண்டாம். காடு காய்ந்து கிடக்கும், தீ பயத்தில் சஃபாரியையே நிறுத்திவிடுவதும் உண்டு. காலாண்டு விடுமுறை மைசூரு தசராவோடு மோதும், அறை வாடகை எகிறிவிடும். மார்கழியில் மயிலாப்பூர்க்காரர்களைச் சபா கேன்டீனிலிருந்து கிளப்ப யாராலும் முடியாது. மிஞ்சுவது பொங்கல் கூட்டம் வடிந்த ஜனவரி. இரண்டு நாள் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்; ஆசிரியர்கள் என்னைத் திட்டட்டும். வனத்துறை அறைகள் சில வாரம் முன்பே தீர்ந்துவிடும். எனவே அறையை முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு வண்டி, அதன் எண் கைக்கு வந்ததும் இ-பாஸ். வண்டி எப்போதும் கிடைக்கும்.

(அடுத்த வாரம்: பொள்ளாச்சி வழியாக டாப்ஸ்லிப்)