மேடு பள்ளத்துக்குப் பிறந்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூரில், கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் நின்றால் இரண்டு வகை சைக்கிள்கள் கடந்து போவதைப் பார்க்கலாம். மெல்லிய டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் கொண்டது ரோடு பைக். பருத்த டயர், அகலமான நேர் ஹேண்டில்பார், முன்சக்கரத்தின் இருபுறமும் ஷாக் அப்சார்பர் என்று வருவது மவுண்டன் பைக். நம் ஊர்ப் பிள்ளைகள் வாயில் எம்டிபி. மாமல்லபுரம் வரைக்கும் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் தார்ச்சாலையில் முதல் வகைதான் ராஜா. எம்டிபியின் டயர் தாரில் உறுமிக்கொண்டு கொஞ்சம் பின்தங்கியே வரும். தார் முடிந்து செம்மண் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும்.

பெரிய மலை எதுவும் இல்லாத சென்னையில் இந்த வண்டி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஏரிக்கரை, சவுக்குத் தோப்புக்குள் போகும் மண்தடம், மழைக்குப் பிறகு குழியாகிப்போன தெரு, கேபிள் புதைக்கத் தோண்டி மூடாத சாலையோரம் எல்லாம் இதற்கு ஏற்ற நிலம்தான். ஆனால் கடையில் வாங்கும்போது பெரும்பாலானோர் கண் போவது ஷாக் அப்சார்பர் மீதும் கியர் எண்ணிக்கை மீதும். இந்த வண்டியின் உயிர் டயரிலும் பிரேக்கிலும் இருக்கிறது. அது பிறந்த கதையே இதற்குச் சாட்சி.

பழைய சைக்கிளில் தொடங்கிய பந்தயம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் கவுண்டி என்ற மலைப்பகுதி இருக்கிறது. 1970களில் அங்கிருந்த சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் வந்த ஷ்வின் நிறுவனத்தின் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைக்கு எடுத்துச் சென்றார்கள். அந்தச் சைக்கிள்களுக்குக் கியர் கிடையாது, ஷாக் கிடையாது, எடையோ அதிகம். இருந்தும் அவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவற்றின் பருத்த பலூன் டயர்கள்.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே, செங்குத்தான மண்பாதை ஒன்றில் அவர்கள் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின்சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்புக்குள் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் அது சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் நிலைத்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இந்த விளையாட்டுக்கென்றே ஒரு ஃபிரேமை வடிவமைத்துச் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்து தந்த ஃபிரேம்களை வைத்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகி விற்பனைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயம் இடம்பெற்றது. 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன்ஷிப் நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையில் நடந்தது.

இந்த வரலாற்றில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பருத்த டயர், அடுத்து நம்பகமான பிரேக், பிறகு மலையேறும் கியர். ஷாக் அப்சார்பர் வைத்த முன் போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, சந்தைக்கு வந்தது 1980களின் கடைசியில்தான். வாங்குபவர் யோசிக்க வேண்டியதும் இதே வரிசையில்தான்.

டயர் செய்யும் வேலை

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். இதில் ஏறக்குறைய 50 கிலோ பின்சக்கரத்தின் மீது இறங்குகிறது. ரோடு பைக்கின் டயரில் 100 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம். 50 கிலோவைத் தாங்க 7 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையைத் தொட்டால் போதும். எம்டிபி டயரில் 30 பிஎஸ்ஐ வைத்தால் அழுத்தம் 2.1 கிலோவாகக் குறைகிறது. தரையைத் தொடும் பரப்பு 24 சதுர சென்டிமீட்டராக உயர்கிறது. மண்ணில் புதையாமல், சரளையில் வழுக்காமல் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கூடுதல் பரப்புதான்.

காற்று குறைவாக இருந்தால் வண்டி மெதுவாகத்தானே போகும் என்று தோன்றலாம். வழவழப்பான தாரில் அது உண்மை. கல்லும் மேடுமாக இருக்கும் பாதையில் நேர்மாறு. கெட்டியான டயர் ஒரு கல்லில் ஏறும்போது வண்டியையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது. மிதித்த உழைப்பு அதில் வீணாகிறது. மெத்தென்ற டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு முன்னே உருண்டுவிடுகிறது.

அதற்காகக் காற்றை மிகவும் குறைத்துவிடக் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கினால் இரண்டு ஓட்டை விழும். நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய எதிரி சீமைக் கருவேல முள். ஏரிக்கரைப் பாதைகளில் அது இல்லாத இடமே இல்லை. டியூப் இல்லாத டயரில் ஊற்றப்படும் ரப்பர் பால் கலவை, முள் குத்திய சிறு ஓட்டையைத் தானே அடைத்துவிடும். அடிக்கடி மண்பாதைக்குப் போகிறவர்கள் முதலில் செய்துகொள்ள வேண்டிய மாற்றம் இதுதான்.

கடற்கரையின் உலர்ந்த மணலில் சாதாரண எம்டிபியும் புதையும். அதற்கென்றே 4 அங்குல டயர் வைத்த ஃபேட் பைக் இருக்கிறது. அதில் 8 பிஎஸ்ஐ காற்று வைத்தால் தரையைத் தொடும் பரப்பு 90 சதுர சென்டிமீட்டரைத் தொடும். பனியில் ஓட்டுவதற்காக வளர்ந்த வண்டி அது. தாரில் அதை மிதிப்பது பெரும்பாடு என்பதால், அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரேக், கியர், ஷாக்

ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்கில் சேறும் மணலும் ஒட்டினால் பிடிமானம் போய்விடும். டிஸ்க் பிரேக்கின் தகடு சக்கரத்தின் நடுவில், சேற்றுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கம்பி இழுத்து இயங்கும் டிஸ்க் விலை குறைவு. தெருமுனைக் கடையிலும் சரிசெய்துவிடலாம். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க், ஒரே விரலின் விசையைப் பல மடங்காக்கித் தரும். நீண்ட இறக்கத்தில் கை சோராது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான், ஏனென்றால் பிரேக் பிடித்ததும் எடை முன்னே பாய்கிறது. ஆனால் மணலில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது உறுதி. இரண்டையும் சேர்த்து, விட்டுவிட்டு அழுத்தப் பழக வேண்டும்.

கியரின் பயனையும் கணக்காகவே பார்க்கலாம். முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள பழைய பெரிய சைக்கிளில் ஒருமுறை பெடல் சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் நகரும். முன்னே 32, பின்னே 51 பல் கொண்ட எம்டிபியில் அதே சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்குள்தான் நகரும். வேகம் குறையும் அளவுக்கு மிதிக்கும் பாரமும் குறைகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித் தள்ளாமல் ஏற முடிவது இதனால்தான். எத்தனை கியர் என்ற எண்ணிக்கையை விட, மிக இலகுவான கியர் எவ்வளவு இலகு என்பதைக் கேளுங்கள்.

ஷாக்கில் இரண்டு வேலை உண்டு. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்குகிறது. உள்ளே இருக்கும் ஆயில் அந்த ஸ்பிரிங் திரும்பக் குதிக்காமல் அடக்குகிறது. மலிவான வண்டிகளில் முதல் வேலை மட்டுமே நடக்கும், எடையும் ஏறும். நல்ல முன் போர்க் வாங்க முடியாவிட்டால் ஷாக் இல்லாத போர்க்கே மேல். பின்பக்கமும் ஷாக் வைத்த மலிவு வண்டியை வாங்க வேண்டாம். ஒவ்வொரு மிதியிலும் அது உங்கள் உழைப்பை விழுங்கும்.

வாங்கும்போது

ஃபிரேம் அளவு முதலில். இரண்டு கால்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி நின்றால் மேல்குழாய்க்கும் உடலுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். ஹெல்மெட்டுக்கு ஒதுக்கும் பணத்தை வேறெதற்கும் திருப்பாதீர்கள். அதன் உள்ளே உள்ள ஃபோம் ஒருமுறை நசுங்கித் தலையைக் காப்பதற்கென்று செய்யப்பட்டது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரைவாசிகளுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. உப்புக் காற்று செயினையும் கம்பிகளையும் போல்ட்டுகளையும் அரித்துவிடும். கடலோரம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு மட்டும் எண்ணெய் விடுங்கள். டிஸ்க் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது.

இருட்டில் ஓட்டுவது

சென்னை வெயிலுக்குத் தப்பி, விடியுமுன் கிளம்புகிறவர்களே இங்கு அதிகம். ஆகவே பாதிப் பயணம் இருட்டில்தான். முன்பெல்லாம் டயரில் உரசி ஓடும் 6 வோல்ட், 3 வாட் டைனமோதான் விளக்கு. சக்கரம் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். இன்றைய எல்.இ.டி. விளக்கு வண்டி நின்றாலும் எரிகிறது, அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் தருகிறது.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை வேகம் தீர்மானிக்கிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியைக் கண்டு, உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க மண்பாதையில் ஏறக்குறைய 10 மீட்டர் ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 17 மீட்டர். உங்கள் விளக்கு அதைவிடத் தூரத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தெருவிளக்கு உள்ள சாலையில் 300 லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு) போதும். இருட்டு மண்தடத்துக்கு 800 லூமெனாவது வேண்டும்.

ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று என இரண்டு விளக்கு வைப்பது நல்லது. ஹேண்டில்பார் விளக்கு கண்ணுக்குக் கீழே இருப்பதால் கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழும். அந்த நிழலை வைத்துத்தான் ஆழம் தெரிகிறது. ஹெல்மெட் விளக்கு நிழலை மறைத்துவிடும். ஆனால் வளைவில் தலை திரும்பும் பக்கமெல்லாம் கூடவே வரும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். கூட்டமாகப் போகும்போது அதை மினுக்க விடாமல் நிலையாக எரிய விடுங்கள். பின்னால் வருபவருக்குக் கண் கூசாது. நெடுந்தூரப் பயணங்கள் நடத்தும் மெட்ராஸ் ராண்டனர்ஸ் போன்ற குழுக்களில் இரவுக்கு விளக்கும் ஒளி எதிரொளிக்கும் மேல்சட்டையும் விதியாகவே இருக்கின்றன.

சேர்ந்து போவது

இரவிலும் மண்பாதையிலும் தனியாகப் போகாதீர்கள். குழுவில் மெதுவாக ஓட்டுபவரின் வேகமே குழுவின் வேகம். முன்னால் போகிறவர் “குழி!”, “வண்டி!” என்று குரல் கொடுக்க வேண்டும், ரிப்பேர் தெரிந்தவர் கடைசியாக வர வேண்டும். பிரிவுச் சந்திகளில் எல்லாரும் வரும்வரை நிற்க வேண்டும். ஒவ்வொருவர் பையிலும் ஒரு டியூப், டயர் கழற்றும் லீவர், சிறிய பம்ப், தண்ணீர் இருக்கட்டும். முதல்முறை போகிறவர்களுக்குக் கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம் உப்பளங்களைப் பார்த்துவரும் பாதை நல்ல தொடக்கம்.

இரண்டு இடங்களில் கட்டுப்பாடு வேண்டும். ஒன்று, காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே சக்கரம் நுழையக் கூடாது. மற்றொன்று, இரவுக் கடற்கரை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, திருவான்மியூர் வழியாக இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. 800 லூமென் விளக்கு அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். அந்த மாதங்களில் சூரியன் மறைந்த பிறகு சைக்கிளை மணலில் இறக்காதீர்கள்.

எம்டிபி வாங்க நினைப்பவர்கள் முதலில் நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கி ஓர் ஏரிக்கரையில் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால், நல்ல டயர், நல்ல பிரேக், நல்ல ஹெல்மெட், நல்ல விளக்கு என்ற வரிசையில் செலவு செய்யுங்கள். மீதிப் பணம் இருந்தால் ஷாக்கைப் பற்றி யோசிக்கலாம்.