கால்வாயில் ஓடும் மயில் கழுத்துக் கலர்



எங்க தெருக் கால்வாயைப் பார்த்தாலே அன்னைக்குப் பட்டறையில என்ன கலர் போடறாங்கன்னு சொல்லிடலாம். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் மயில் கழுத்து. சின்ன வயசுல நானும் தம்பியும் இதை வச்சுப் பந்தயம் கட்டுவோம். அந்தத் தண்ணீர் எங்கே போகுதுன்னு ஒன்பதாவது வந்தப்புறம்தான் யோசிச்சேன். நம்ம கமண்டல நாகநதிக்கு. அது செய்யாற்றில் சேரும், செய்யாறு பாலாற்றில் சேரும்.

கச்சாப் பட்டு நூலின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதை எடுத்தால்தான் பட்டு பளபளக்கும். நூலின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தப் பசைதான்! அதுவும், நூலில் ஏறாத சாயமும் சேர்ந்து தண்ணீரோடு வெளியே போகிறது. கலர் தண்ணீருக்குள் வெயில் சரியாக இறங்காது. வெயில் இல்லாமல் பாசி உணவு தயாரிக்காது, ஆக்சிஜனும் விடாது. பசையை மட்கச் செய்யும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கும். பூச்சிகளின் புழுக்கள், தலைப்பிரட்டை, நத்தை சாகும். மீனும் சாகும். மீன் இல்லாத இடத்துல கொக்குக்கு என்ன வேலை?

எங்க ஆயா சின்ன வயசுல ஆத்துல துண்டு விரிச்சுக் கெண்டை பிடிச்சாங்களாம். இப்ப அது இல்லாததுக்குச் சாயம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். மணல் அள்ளினது, சாக்கடை, மழை குறைஞ்சது எல்லாம் இருக்கு.

இதே வேலை பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் காட்டியது. அங்கே பனியன் துணி. பருத்தியில் சாயம் ஏற உப்பு ஏராளமாகப் போடணும் (பட்டுக்கு அவ்வளவு வேண்டாம், அது நம்ம அதிர்ஷ்டம்). கலரை எடுத்தாலும் தண்ணீரில் கரைந்த உப்பு போகாது. நொய்யல் ஆற்றில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிடுச்சு. அணைத் தண்ணி வேண்டாம்னு விவசாயிகளே சொன்னாங்க! அவங்க போட்ட வழக்கு நடந்து, 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்டவை மூடின. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகே படிப்படியாகத் திறந்தன. இப்போது தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே எடுக்கிறாங்க. ஆனா கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. எங்க அப்பா தறி நெய்யறார், சித்தப்பா சாயம் போடறார். ஒரு நாள் பூட்டு போட்டா எங்க வீட்ல உலை கொதிக்காது. சித்தப்பாவையே கேட்டேன். "ஒருத்தனால மிஷின் வாங்க முடியாதும்மா. எல்லாப் பட்டறையும் சேர்ந்து ஒண்ணு வச்சா நானும் பணம் போடறேன்"னு சொன்னார். சாயம் முழுசா நூலில் ஏறும்வரை பொறுத்து இறக்கினா, கால்வாய்க்குப் போறது குறையுமாம். அவசர ஆர்டர்னா யாரும் பொறுக்கறதில்லையாம்.

கெமிஸ்ட்ரி சாரிடம் லிட்மஸ் தாள் கேட்டிருக்கேன். பட்டறைத் தெருக்களில் இருக்கிறவங்க, உங்க கால்வாயில் எத்தனை மணிக்குக் கலர் தண்ணி வருதுன்னு எழுதி என்கிட்ட கொடுங்க.

– 11-ஆம் வகுப்பு மாணவி